அளவுகோலும் அப்பளப் பலகையும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தபோது, தாமிரபரணியின் பெருமையை எழுதலாமா, சர் சி. வி. இராமனைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தால், இரண்டையும் எனக்கு முன் படித்த அண்ணன்மார்கள் நான்கைந்து முறை எழுதி முடித்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே எழுதத் துணிகிறேன். அது நான் தோற்ற கதை. அதுவும் கணினியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் தோற்ற கதை. ‘கல்லூரி மலரில் எழுதுகிற பொருளா இது?’ என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதில் இயற்பியலும் இருக்கிறது. என் தாயாரின் கம்மலும் இருக்கிறது.

என் ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அம்பாசமுத்திரம். அப்பளத்துக்குப் பேர்போன ஊர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. என் அப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அம்மா அப்பளம் இடுகிறாள். காலையில் போய்ப் பிசைந்த மாவை வாங்கி வருவாள். மாலையில் எண்ணிக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உண்மையில் அந்த இடம் என் அக்காவுக்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். மறு ஆண்டே கலியாணமாகிவிட்டது.

அவள் எனக்கு விட்டுச் சென்றது ஒரு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அவள் மேல்நிலை படித்த ஆண்டில் கிடைத்தது. மேல்மூடியில் அவள் ஒட்டிய ரோஜாப்பூப் படம் இன்றும் பாதி இருக்கிறது. 4 ஜி.பி. மெமரி, சுழலும் ஹார்டு டிஸ்க், தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இந்த மடிக்கணினியில்தான் நான் பைத்தான் கற்றேன், ஆய்வுக்கூட வரைபடங்கள் வரைந்தேன், இரவு 9 மணிக்கு மேல் வேலரன்ட் விளையாடினேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலரன்ட் என்பது 2020 ஜூன் 2ஆம் தேதி வெளிவந்த விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். பத்துப் பேரும் பத்து ஊர்களில் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவராக ஒரு சர்வர். நமக்கு மும்பையில் இருக்கிறது. அது ஒரு விநாடிக்கு 128 முறை, யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார் என்று கணக்கெடுக்கிறது. ஒரு மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பவனும் அங்கே காத்திருப்பவனும் ஒருவரையொருவர் காணும் அந்தக் கணத்தில், கால் விநாடிக்குள் வெற்றி தோல்வி முடிந்துவிடும். ஆகவே கணினி வேகமா மந்தமா என்பது இங்கே அலங்காரத்தைப் பற்றிய கேள்வி அல்ல. உயிரைப் பற்றிய கேள்வி. (விளையாட்டு உயிர்தான்.)

என் நண்பன் ஒருவன். திலகர் வித்யாலயாவில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது கோவையில் பொறியியல் படிக்கிறான். அம்மா மாவு வாங்குவது அவன் பெரியப்பாவிடம்தான். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் வேற்றுமை வந்ததில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்ததுண்டு. அவன் வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை லட்ச ரூபாயில் ஒரு கணினி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் எரிய, திருவிழாச் சப்பரம்போல இருக்கும். விடுமுறைக்கு வந்தால் அவன் அதில் உட்காருவான். நான் என் ரோஜாப்பூ மடிக்கணினியில் உட்காருவேன். ஆடினால் தோற்பேன். எதிரி புகைக்குண்டு போட்டால் என் திரை அப்படியே நின்றுவிடும். மீண்டும் அசையும்போது நான் செத்துக் கிடப்பேன்.

“லே, உன் மேல தப்பில்ல. உன் டப்பா மேலதான் தப்பு. ஒரு அறுபதாயிரத்துக்கு நல்ல மிஷின் ஒண்ணு போடு, அப்புறம் பாரு” என்றான் அவன்.

தோற்றவன் காதில் இதைவிட இனிமையான சொல் வேறு எது விழ முடியும்? அன்றிரவே விலைப்பட்டியல் போட்டேன். அம்மா ஒரு சீட்டு கட்டிவந்தாள். நகைக்கடனில் கிடக்கும் கம்மலை மீட்கத்தான் அந்தச் சீட்டு. நான் அவளிடம், “பாடத்துக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணும்மா” என்றேன்.

“படிப்புக்குன்னா எடுத்துக்கோய்யா. கம்மல் எங்க ஓடப் போவுது? பேங்குலதான கெடக்கு” என்றாள், குழவியிலிருந்து கையை எடுக்காமலே.

நிற்க.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் பிழைகளைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அளவீட்டில் பிழை வந்தால் அது கருவியின் பிழையா, அளப்பவனின் பிழையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார் எங்கள் பேராசிரியர். மற்றவர்கள் வெர்னியர் அளவியை நினைத்திருப்பார்கள். நான் அம்மாவின் கம்மலை நினைத்துக்கொண்டேன். அறுபதாயிரம் செலவழித்த பிறகும் நான் தோற்றால்?

ஆகவே முதலில் அளப்பவனை அளந்தேன். இது பள்ளிக்கூடத்துச் சோதனைதான். ஒருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடவேண்டும். மற்றவர் விரலால் கவ்வ வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்று பார்த்தால், தடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டிலிருந்து காலம் கிடைத்துவிடும். பத்து முறை செய்து சராசரி எடுத்தோம். நான் 18 சென்டிமீட்டரில் பிடித்தேன், அதாவது 0.19 விநாடி. நண்பன் 20 சென்டிமீட்டர்; 0.20 விநாடி. என் கை அவன் கைக்கு இளைத்ததல்ல! அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அடுத்தது கருவி. இதை விளக்க எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணையே போதும். திரையில் அசைவதுபோல் தெரிவதெல்லாம் அசையாத படங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிரேம். ஒரு பிரேம் என்பது ஓர் அப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவைத் திரித்து, நூலால் அறுத்து, உருண்டை பிடித்துக் கொடுப்பவர் பிராசசர். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்கிட்டு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அதை வாங்கிக் குழவியால் வட்டமாக இடுபவர் கிராபிக்ஸ். காயப்போடும் பாய்தான் மானிட்டர். உருண்டை பிடிப்பவர் மந்தமானால், இடுபவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் வேகமாக இருந்து பாயில் இடமில்லை என்றாலும் பயனில்லை: 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தான் காட்டும், உள்ளே 200 தயாரானாலும்.

என் மடிக்கணினியில் விநாடிக்கு 25 பிரேம் வந்தது. புகை கிளம்பினால் 12க்கு இறங்கும். நண்பனுடையதில் 240க்கு மேல் வந்தது; அவன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். 240க்கும் 25க்கும் ஏறத்தாழ பத்து மடங்கு என்று மலைத்துப்போகக் கூடாது. விநாடிக்கு எத்தனை பிரேம் என்று பார்ப்பதைவிட, ஒரு பிரேமுக்கு எத்தனை மில்லி செகண்டு என்று பார்ப்பதுதான் சரி. 30 பிரேம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லி செகண்டு. 60 என்றால் 17. 144 என்றால் 7. 240 என்றால் 4. முப்பதிலிருந்து அறுபதுக்கு ஏறினால் 16 மில்லி செகண்டுக்கு மேல் மிச்சமாகிறது; 144லிருந்து 240க்கு ஏறினால் மூன்றுகூட மிச்சமில்லை. பணமோ தலைகீழாகப் போகிறது. ஏணியின் கீழ்ப்படிகள் மலிவு, அவற்றில்தான் ஏற்றம் அதிகம். உச்சிப் படிகள் பொன்விலை, ஏறியவனுக்கே ஏறினோமா என்று சந்தேகம் வரும். விளம்பரங்கள் உச்சிப் படியைப் பற்றித்தான் பேசுகின்றன.

இப்போது என் 25க்கு வருகிறேன். ஒரு பிரேமுக்கு 40 மில்லி செகண்டு. மவுஸை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் ஒளிர்வதற்கும் நடுவே பொதுவாக இரண்டு, மூன்று பிரேம் காலம் கழிந்துவிடுகிறது. நடுவாக 100 மில்லி செகண்டு என்று கொண்டால், என் 0.19 விநாடி 0.29 ஆகிறது. இதை அளவுகோலில் போட்டுப் பார்த்தேன். 0.29 விநாடியில் ஒரு பொருள் 41 சென்டிமீட்டர் விழும். அளவுகோலின் நீளமே 30! நான் விரலை மூடும்போது கோல் தரையில் கிடக்கிறது. அதே கணக்கில் நண்பனுக்கு 20 மில்லி செகண்டுதான் கூடுகிறது. அவன் 24 சென்டிமீட்டரில் பிடித்துவிடுகிறான். மும்பைக்குச் செய்தி போய்வரும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. அது ஒரே வீட்டு இணைப்பில் ஆடும் இருவருக்கும் பொது.

கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு எனக்குச் சாதகமாக வந்தபோதுதான் எனக்கே அதன்மேல் ஐயம் பிறந்தது. ஆகவே நேரடிச் சோதனை ஒன்று வைத்தோம். நண்பன் வீட்டு மாடியில், இரண்டு கணினியும் கேபிள் வழியாகவே இணைத்து, ஒருவருக்கொருவர் இருபது சுற்று. முதலில் அவரவர் கணினியில்: அவன் 17, நான் 3. பிறகு இடம் மாறி உட்கார்ந்தோம். அவன் ரோஜாப்பூவில், நான் சப்பரத்தில். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. வெகுநாள் கண்ணாடி அழுக்கோடு பார்த்தவன் துடைத்துவிட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. எதிரி ஓடுகிறான் என்பதே அன்றுதான் தெரிந்தது. அதுவரை அவன் இங்கே நிற்பான், அடுத்த கணம் அங்கே நிற்பான். நான் 12, அவன் 8.

அவன் முகம் சுருங்கிவிட்டது. “எப்பிடில இதுல ஆடுத?” என்று உண்மையான வியப்போடு கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக அவனுக்கு எத்தனை தோல்வியையும் மன்னிக்கலாம்.

ஆனால் கூட்டிப் பாருங்கள். நல்ல கணினியும் மோசமான கணினியும் இருவருக்கும் சமமாகக் கிடைத்த நாற்பது சுற்றில் நான் 15, அவன் 25. கணினி செய்த அநீதி உண்மை. கணினி மாறியதும் என் வெற்றி மூன்றிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. அவன் என்னைவிட நன்றாக ஆடுகிறான் என்பதும் உண்மை. மூலை திரும்பும்போது எதிரியின் தலை வரும் உயரத்தில் குறியை முன்கூட்டியே வைத்திருப்பது அவனுக்குப் பழக்கம். நான் எதிரியைப் பார்த்த பிறகுதான் குறியைத் தேடுவேன். அளவுகோலை வேகமாகப் பிடிக்கும் கைக்கு அது தெரியவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நாற்பது சுற்று என்பது சிறிய எண்ணிக்கை என்று பேராசிரியர் திருத்துவார், ஏற்கிறேன்.

இன்னொன்றும் அந்த மாடியில் பார்த்தோம். நண்பனின் கணினியில் படத்தின் தரத்தை உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கினோம். பிரேம் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. அங்கே இடுபவர் ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறார். உருண்டை வரும் வேகம்தான் எல்லை. அவன் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டில் பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும் இந்த விளையாட்டில் ஏறக்குறைய இதே ஆட்டம் கிடைத்திருக்கும். அவனிடம் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

எல்லா விளையாட்டும் இப்படி அல்ல. வேலரன்ட் ஏழைக் கணினிகளை நினைத்தே செய்யப்பட்டது. 30 பிரேமுக்கு 4 ஜி.பி. மெமரியும், 2012இல் வந்த இன்டெல் எச்.டி. 4000 என்ற உள்ளமைந்த கிராபிக்ஸும் போதும் என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் கதை வேறு. 2012இல் வந்த அதன் பதிப்பின் இடத்துக்கு 2023 செப்டம்பர் 27 அன்று இரண்டாம் பதிப்பு வந்தது. ஒளியும் புகையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது கேட்கும் கணினி வலுவானது. பழையதில் காலம் தள்ளிய கணினிகள் பல புதியதில் மூச்சு வாங்குகின்றன.

சரி, 30 வரவேண்டிய இடத்தில் எனக்கு ஏன் 25? ஏன் 12? ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தேன். உள்ளே விசிறியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். அப்பள மாவு! ஒட்டாமல் இருக்க அம்மா பலகையில் தூவும் மாவு, பல வருடமாக அந்த விசிறி இழுத்து இழுத்து உள்ளே அடைத்துக்கொண்டது. காற்றுப் போக வழியில்லை; சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதில் அதன் குற்றம் ஏதுமில்லை. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மாவைத் தட்டிவிட்டு, பிராசசர்மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துப் புதிதாக வைத்தேன்.

அடிமூடிக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது: மெமரிக்கு இரண்டு இடம், ஒன்று காலி. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. பொது மெமரியில்தான் பங்கு கேட்க வேண்டும். ஒரே சில்லு என்றால் ஒரே வாசல். இரண்டாவது சில்லு போட்டால் இரண்டு வாசல் திறக்கும். அதோடு 4 ஜி.பி. நிரம்பி, ஹார்டு டிஸ்க்கைத் தொட ஓடும் தொல்லையும் தீரும். புகை கிளம்பும்போது திரை நின்றதற்கு அதுவே பெரிய காரணம். நெல்லையில் பழைய கணினி பிரித்து விற்கும் ஒரு கடையில் 4 ஜி.பி. சில்லு ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம். கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பும் ரயிலில், வீரவநல்லூர் தாண்டும்வரை அதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போட்டேன். 45 வந்தது. புகையிலும் 30க்குக் கீழே இறங்கவில்லை. அளவுகோல் கணக்கில் சுமார் 29 சென்டிமீட்டர்: கோலின் கடைசி நுனி, ஆனால் கையில் அகப்படுகிறது.

மீண்டும் நண்பனோடு இருபது சுற்று, அவரவர் கணினியில். அவன் 13, நான் 7.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. கட்டு கொடுத்துவிட்டு வந்து அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் சொன்னேன்.

“சீட்டுப் பணம் வேண்டாம்மா. அது பாடத்துக்கு இல்ல. விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. “அப்பவே தெரியும்” என்றாள். சற்றுக் கழித்து, “பாடத்துக்குன்னா நீ அக்கா டப்பாவைக் கொறை சொல்ல மாட்டியே” என்றாள்.

எனக்கு வார்த்தை வரவில்லை. எதையாவது பேசி அந்த இடத்தைக் கடக்க வேண்டுமென்று, மாவு அடைத்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். பிறகு அளவுகோல் சோதனையைச் சொல்லி, “நீயும் பிடிச்சுப் பாரேம்மா” என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் முறை தவறவிட்டாள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த பத்து முறையின் சராசரி 15 சென்டிமீட்டர். 0.17 விநாடி. இரண்டு தடவை சரிபார்த்தேன். எங்கள் மூவரில் வேகமான கை அவளுடையது. “போதுமா? உலை கொதிக்குது” என்று எழுந்து போய்விட்டாள்.

பங்குனியில் சீட்டு விழுந்தது. கம்மல் வந்துவிட்டது. அக்கா வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். பாதிப் பூவைப் பார்த்துவிட்டு, அதை முழுதாக உரித்துவிடாதே என்று மட்டும் சொன்னாள். இப்போது அதை மாவுக்கு எட்டாத மாடப் பலகையில் வைத்திருக்கிறேன். நண்பன் கோவையிலிருந்து அடுத்த விடுமுறைக்கு வருகிறான். மீண்டும் நாற்பது சுற்று ஆட வேண்டும் என்று எழுதியிருக்கிறான். முதல் இருபதிலும் அவன்தான் ரோஜாப்பூவில் உட்கார வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.